அக்கிலீஸ் அறுந்த ஃப்ரீ ஏஜென்டுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு?

உப்பளம் கூடை

நம் நேரப்படி ஜூலை 1 அதிகாலை மூன்றரை மணிக்கு என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃப்ரீ ஏஜென்ட் சந்தை, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய ஆட்டக்காரர்களின் சந்தை, திறக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் அதற்காக விழித்திருக்கிறவர்கள் இங்கே சிலராவது இருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம்.

ஒரு கற்பனை ஆள். வயது 27, ஓரத்தில் ஆடும் விங். ஆட்டத்துக்கு 22 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் அக்கிலீஸ், அதாவது கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண், அறுந்துவிட்டது. ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடிகிறது. காயம் மட்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர் எளிதாகக் கிடைக்கும். அடுத்த சீசன் முழுக்க வெளியேதான் உட்காருவார். நீங்கள் அணியின் நிர்வாகி. என்ன கொடுப்பீர்கள்?

2019 இறுதித் தொடரை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் கெவின் டுரான்ட்டுக்கு அக்கிலீஸ். அடுத்த ஆட்டத்திலேயே கிளே தாம்சனுக்கு ஏசிஎல் (முழங்கால் தசைநார்). சில வாரத்துக்குள் டுரான்ட்டுக்கு புரூக்ளின் 4 ஆண்டுக்கு 164 மில்லியனும், கிளேக்கு கோல்டன் ஸ்டேட் 5 ஆண்டுக்கு 190 மில்லியனும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே அக்கிலீஸ் காயத்தோடு சந்தைக்கு வந்த டிமார்கஸ் கசின்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆண்டு, 5.3 மில்லியன். அவர் காயத்துக்கு முன் 25 புள்ளி, 13 ரீபவுண்ட் எடுத்த ஆள்!

ஆண்டுக்கு எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம். எத்தனை ஆண்டு என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது என்பது என் கருத்து. முதல் ஆண்டு ஆள் ஆடமாட்டார். இரண்டாம் ஆண்டு பழைய வேகம் பாதிதான் வரும். மூன்றாம் ஆண்டில்தான் உண்மையான ஆட்டத்தைப் பார்ப்போம். அந்த மூன்றாம் ஆண்டு உங்கள் கையில் இல்லையென்றால் நீங்கள் வாங்கியது மருத்துவச் செலவை மட்டும்தான்.

லாஸ்பேட்டை பையன்

அண்ணா, டுரான்ட் கிட்டத்தட்ட ஏழடி உயரம். கால் போனாலும் கை இருக்கிறது. எல்லோருக்கும் அந்தக் கணக்கைப் போட முடியுமா?

முத்தியால்பேட்டைக்காரன்

ஒரு ஆண்டு ஒப்பந்தம் போதும். நிரூபித்துக் காட்டட்டும், அப்புறம் பெரிய காசைக் கொடுக்கலாம். கோல்டன் ஸ்டேட் கசின்ஸை 5.3-க்கு எடுத்தது அருமையான பேரம். போனால் 5.3, வந்தால் ஆல் ஸ்டார்.

உப்பளம் கூடை

முத்தியால்பேட்டை அண்ணா, வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கசின்ஸ் 2019 ஜனவரியில் திரும்பினார். அவர் பழைய கசின்ஸாகவே மாறியிருந்தால்கூட கோல்டன் ஸ்டேட்டால் அவரை வைத்துக்கொண்டிருக்க முடியாது. லீக் விதித்த சம்பள வரம்பைத் தாண்டிய அணி, ஒரே ஆண்டு இருந்த ஆளுக்கு அடுத்த ஆண்டு 120 சதவீதம்தான் கொடுக்கலாம். 5.3-ல் 120 சதவீதம் ஆறு மில்லியனைத் தாண்டிக் கொஞ்சம். வேறு அணி 20 காட்டினால் அங்கே போய்விடுவார்.

ஒரே அணியில் மூன்று சீசன் இருந்தால்தான் முழு பேர்ட் உரிமை. அது இருந்தால் வரம்பைத் தாண்டியும் அவருக்கு மேக்ஸ் (விதி அனுமதிக்கும் உச்ச சம்பளம்) வரை கொடுக்கலாம். அதனால்தான் மூன்றாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று அடித்துக்கொள்கிறேன். ஒரு ஆண்டு ஒப்பந்தத்தில் அவர் தேறினால் பலன் வேறு அணிக்கு, தேறாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

பாதிரிப்புலியூர் பிசியோ

கடலூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்பிஏ அணிகளிடம் இருக்கும் கருவிகள் என்னிடம் இல்லை, ஆனால் தசைநாண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அக்கிலீஸ் அறுந்து தைத்தபின் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஒரு ஆண்டு வரை ஆகும். செய்தியில் வருவது இந்தத் தேதி மட்டும்தான். தசைநாண் எந்த நீளத்தில் ஆறியிருக்கிறது என்பது செய்தியில் வராது. கொஞ்சம் நீண்டு ஆறிவிட்டால் கெண்டைக்கால் தசை எவ்வளவு பயிற்சி செய்தாலும் பழைய விசையைத் தராது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை தூக்குகிறார் என்று பார்த்தால் போதாது, எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்பதை மற்றக் காலோடு ஒப்பிட வேண்டும். நிறையப் பேர் எண்ணிக்கையில் தேறிவிடுவார்கள், உயரத்தில் தேறமாட்டார்கள். முதல் அடியில் வெடித்துக் கிளம்புவது அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டைத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நின்ற இடத்திலிருந்து எழும்பி எறிகிறவருக்கு இந்த இழப்பு கொஞ்சம். பந்தோடு முதல் அடியிலேயே ஆளைத் தாண்டிப் பிழைக்கிற கார்டுக்கு (பந்தை ஓட்டிச் செல்லும் ஆட்டக்காரருக்கு) அதுதான் சொத்து. டொமினிக் வில்கின்ஸ் 1992 ஜனவரியில், 32 வயதில், அக்கிலீஸ் அறுந்து, அடுத்த சீசனில் 29.9 புள்ளி சராசரி எடுத்தார். பெண்கள் ஆட்டத்தில் பிரியானா ஸ்டூவர்ட் 2019-ல் அறுந்து, 2020-ல் சியாட்டிலுக்குக் கோப்பையும் வாங்கிக்கொடுத்து இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். வெஸ்லி மேத்யூஸ் 2015 மார்ச்சில் அறுந்து அதே ஆண்டு சீசன் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டார். 78 ஆட்டம் ஆடினார். ஆனால் சராசரி 15.9-லிருந்து 12.5-க்கு இறங்கியது, எறிதல் சதவீதமும் விழுந்தது. களத்தில் இருப்பதும் பழைய ஆளாக இருப்பதும் வேறு.

கெடிலக்கரை

மேத்யூஸ் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. டல்லாஸ் அவரோடு முதலில் பேசியது 4 ஆண்டுக்கு 57 மில்லியன். அதற்குள் டிஆண்ட்ரே ஜோர்டான் டல்லாஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கிளிப்பர்ஸுக்கே திரும்பிவிட்டார். அவருக்காக ஒதுக்கிய காசு அப்படியே மிஞ்சியது. மேத்யூஸ் ஒப்பந்தம் சுமார் 70 மில்லியன் ஆனது. அந்தச் சில நாளில் அவர் காலில் எதுவும் மாறவில்லை. அணியின் பெட்டியில் காசு மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே மருத்துவ அறிக்கையை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. வரம்புக்குள் எந்த அணிகளுக்கு இடம் இருக்கிறது, அந்தக் கோடையில் வேறு யார் சந்தையில் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்

அப்படியென்றால் கிளேக்கு 190 கொடுத்ததும் காசு மிஞ்சித்தானா? இரண்டு சீசன் முழுக்க ஆடவே இல்லை.

கெடிலக்கரை

அங்கே கணக்கு தலைகீழ். கோல்டன் ஸ்டேட் ஏற்கெனவே வரம்புக்கு மேலே இருந்தது. கிளேயை விட்டிருந்தால் அந்த 190 மில்லியனை வேறு ஆளுக்குக் கொடுக்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. பேர்ட் உரிமை கிளேக்கு மட்டும்தான் செல்லும். வெளி அணிக்கு அவர் விலை 38 மில்லியன் என்றால், சொந்த அணிக்கு அவரை விடுவதன் விலை ஒரு முழுக் காலியிடம். சொந்த அணி எப்போதும் கூடுதலாகக் கொடுப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான், பாசம் அதற்கப்புறம்தான்.

2020 நவம்பரில் அவருக்கே அக்கிலீஸும் அறுந்தது. 2022 ஜனவரி 9 அன்றுதான் களத்துக்கு வந்தார். அந்த ஜூனில் கோப்பை. 190 மில்லியன் தகுமா என்று கோல்டன் ஸ்டேட் ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வில்லியனூர்

காப்பீட்டுத் துறையில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்ல வேண்டும். பெரிய சம்பள ஒப்பந்தங்களுக்கு லீக் மூலம் காப்பீடு உண்டு. ஆட்டக்காரர் 41 ஆட்டம் தவறவிட்டபின், சம்பளத்தில் 80 சதவீதத்தைக் காப்பீட்டு நிறுவனம் தரும். ஆனால் ஏற்கெனவே காயம்பட்ட உறுப்பை அவர்கள் ஒதுக்கி எழுதலாம். அமாரே ஸ்டவுடமையர் 2010-ல் நியூயார்க் போனபோது 5 ஆண்டுக்கு சுமார் 100 மில்லியன். முழங்கால் வரலாற்றால் அந்த ஒப்பந்தத்துக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. பழைய அணியான ஃபீனிக்ஸ் முழு உத்தரவாதம் தரத் தயங்கியதும் அந்த முழங்காலுக்காகத்தான். முதல் சீசனில் 25.3 புள்ளி, ஆல் ஸ்டார். அதன்பின் சரிவு. 2015 பிப்ரவரியில் பேசி விடுவித்தார்கள்.

ஆக, காயம்பட்ட ஃப்ரீ ஏஜென்டுக்கு நீங்கள் 35 கொடுத்தால் அது வெறும் 35 இல்லை. நல்ல காலோடு இருப்பவர் உட்கார்ந்துவிட்டால் காப்பீடு பங்கு தரும். இவர் அதே காலால் உட்கார்ந்தால் முழுக்க உங்கள் பை. இந்த ஒரு வேறுபாட்டுக்கே விலையில் கழிவு கேட்க வேண்டும்.

பழைய அணி ஆளை நன்றாக அறிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். படம், அறுவை அறிக்கை, தினமும் எப்படி நடக்கிறார் என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. வெளி அணிக்குக் கிடைப்பது ஒரு உடற்தகுதிச் சோதனை. பழைய அணி தயங்கும்போது அதை நான் ஒரு அறிக்கையாகவே படிப்பேன்.

பண்ருட்டித் தோப்பு

நான் கூடைப்பந்து பார்ப்பவன்தான், தொழில் முந்திரி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் பக்கம் தோப்பை எல்லாம் சாய்த்தபின், ஒட்டுக்கன்று வைத்தவர்கள் மூன்றாம் ஆண்டுதான் காய் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக் குத்தகைக்கு அந்த நிலத்தை எடுத்தவர் தண்ணீர் விட்டு, வேலி போட்டு, காய்க்கும் நேரத்தில் கையைக் கழுவ வேண்டியதுதான். உப்பளம் தம்பி சொல்கிற மூன்றாம் ஆண்டு எனக்கு நன்றாகப் புரிகிறது.

மஞ்சக்குப்பம் கோச்

எல்லோரும் அணி நிர்வாகியாக இருந்து பேசுகிறீர்கள். ஆட்டக்காரர் பக்கம் ஒருவராவது நிற்க வேண்டும்.

ஒப்பந்தம் நடக்கும்போது அடிபட்டால் சம்பளம் வரும். ஒப்பந்தம் முடியப்போகிற ஆண்டில் அடிபட்டால் அந்த நஷ்டம் முழுக்க அவர் தலையில். ஆனால் அடிபட்டது யாருக்காக ஆடும்போது? ஐசையா தாமஸ் 2016-17-ல் பாஸ்டனுக்கு 28.9 புள்ளி எடுத்தார். தங்கை இறந்த மறுநாள் பிளேஆஃப் ஆடினார். இடுப்புக் காயத்தோடும் ஆடினார். அந்தக் கோடையிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஃப்ரீ ஏஜென்டாக வந்தபோது டென்வரில் கிடைத்தது குறைந்தபட்சச் சம்பளம். நல்ல இடுப்போடு சந்தைக்கு வந்திருந்தால் நூறு மில்லியனுக்கு மேல் வாங்கியிருப்பார். ஒரே ஒரு காலண்டர் தேதி அந்தக் காசை அழித்துவிட்டது.

என்னிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகளில் ஏசிஎல் கிழிந்தவர்கள் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டா தேர்வுக்கு முன்னால் கிழிந்தால் வேலையே போய்விடுகிறது. அவர்களுக்குப் பேரம் பேச ஏஜென்ட்டும் இல்லை, சங்கமும் இல்லை. அதனால் ஒரு சங்கம் இருக்கிற, ஒப்பந்த விதி இருக்கிற இடத்தில் ஆட்டக்காரர் கடைசி டாலர் வரை கேட்பதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

லாஸ்பேட்டை பையன்

கோச் சார், ஷான் லிவிங்ஸ்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007 பிப்ரவரியில் முழங்கால் முழுக்கப் பிசகி, காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று பேசினார்கள். பத்து நாள் ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளம் என்று அணி அணியாக அலைந்தார். 2014-ல்தான் கோல்டன் ஸ்டேட் 3 ஆண்டுக்கு சுமார் 16 மில்லியன் கொடுத்தது. அதன்பின் மூன்று கோப்பை!

முத்தியால்பேட்டைக்காரன்

கோச் சார் சொல்வது மனசைத் தொடுகிறது. ஆனால் புது விதியில் ஒரு தப்பான ஒப்பந்தம் அணியையே முடக்கிவிடும். சம்பள வரம்புக்கு மேலே வைத்திருக்கும் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற எல்லையைத் தாண்டிவிட்டால் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, வரம்பைத் தாண்டிய அணி வெளி ஆளை எடுக்க உதவும் மிட் லெவல் சலுகையும் கிடையாது, புது ஆட்டக்காரரை எடுக்கும் வருங்கால டிராஃப்ட் தேர்வையும் பூட்டிவிடுவார்கள். 2019-ல் இதெல்லாம் இல்லை. புரூக்ளின் அன்று எடுத்த துணிச்சலை இன்று எடுக்கச் சொன்னால் யோசிப்பார்கள்.

டேமியன் லில்லர்டைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அக்கிலீஸ், வயது 34. மில்வாக்கி இரண்டு ஆண்டுக்குப் பாக்கி வைத்திருந்தது சுமார் 113 மில்லியன். விடுவித்து, ஸ்ட்ரெச் விதிப்படி ஐந்து ஆண்டுக்குப் பிரித்துவிட்டார்கள். ஆண்டுக்கு 22 மில்லியனுக்கு மேல், களத்தில் இல்லாத ஆளுக்காக வரம்பில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில்தான் மைல்ஸ் டர்னரை வாங்கினார்கள்.

உப்பளம் கூடை

லில்லர்டை எடுத்ததற்கு நன்றி அண்ணா, அதில்தான் என் வாதம் தெளிவாகத் தெரிகிறது. போர்ட்லாந்து அவருக்குக் கொடுத்தது 3 ஆண்டுக்கு சுமார் 42 மில்லியன். முதல் சீசனில் ஆடமாட்டார் என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஆடுகிற ஆண்டு ஒன்றுக்கு என்று வகுத்தால் 14 இல்லை, 21. ஆனால் மூன்றாம் ஆண்டு பிளேயர் ஆப்ஷன். இரண்டாம் ஆண்டில் அசத்தினால் வெளியே வந்து புது ஒப்பந்தம் கேட்கலாம், சறுக்கினால் மூன்றாம் ஆண்டைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த அணியின் பழைய நாயகன், 35 வயது என்பதால் போர்ட்லாந்து இதற்கு ஒப்புக்கொண்டது சரி. 27 வயது ஆளுக்கு இந்த ஆப்ஷனைக் கொடுத்தால் நல்ல முடிவெல்லாம் அவருக்கு, கெட்ட முடிவெல்லாம் உங்களுக்கு.

டுரான்ட் கணக்கு: 164-ஐ மூன்றால் வகுத்தால் ஆடுகிற ஆண்டுக்கு 54 மில்லியனுக்கு மேல். கேட்டால் தலை சுற்றும். ஆனால் திரும்பிய சீசனில் 26.9 புள்ளி. 2021 பிளேஆஃபில் மில்வாக்கிக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் 48. 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸுக்கு மாற்றியபோது மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள் வந்தன. நீண்ட ஒப்பந்தத்தில் ஆள் கையில் இருந்ததால்தான் விற்கவும் முடிந்தது. ஒரு ஆண்டு ஒப்பந்தத்தில் விற்க எதுவும் மிஞ்சாது.

லாஸ்பேட்டை பையன்

அண்ணா, முதல் ஆண்டு 10, இரண்டாம் ஆண்டு 25, மூன்றாம் ஆண்டு 40 என்று எழுதிவிட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடுமே?

கெடிலக்கரை

விதி விடாது தம்பி. சொந்த அணி என்றால் ஆண்டுக்கு ஆண்டு முதல் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம்தான் ஏற்றவோ இறக்கவோ முடியும், வெளி அணி என்றால் 5 சதவீதம். இப்படிப்பட்ட ஏற்பாட்டைத் தடுக்கத்தான் அந்த விதி.

வேறு வழிகள் உண்டு. ஒன்று, ஆட்ட எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை. 65 ஆட்டம் ஆடினால் இவ்வளவு என்று எழுதலாம். போன சீசனில் எட்டாத அளவு என்றால் அது 'கிடைக்க வாய்ப்பில்லாத' வகையில் போகும், வரம்புக் கணக்கில் உடனே ஏறாது. அந்த வகை, சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஏப்ரன் கணக்கில் மட்டும் அதையும் சேர்ப்பார்கள், கவனம்.

அப்புறம் காயத்தைக் குறிப்பிட்டே எழுதும் விலக்கு. ஜோயல் எம்பீட் முதல் மூன்று சீசனில் 31 ஆட்டம்தான் ஆடியிருந்தார். 2017-ல் ஃபிலடெல்ஃபியா 5 ஆண்டுக்கு 148 மில்லியன் கொடுத்தபோது, பழைய பாதம், முதுகுக் காயங்களால் நிறைய ஆட்டம் தவறினால் உத்தரவாதத்தைக் குறைத்து விடுவிக்க வழி வைத்து எழுதினார்கள். அது ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தம் இல்லை, நீட்டிப்பு. ஆனால் எழுதும் முறை அதேதான். அந்த விலக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. 2023-ல் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார்.

பாதிரிப்புலியூர் பிசியோ

குறிப்பிட்ட காயத்தை மட்டும் எழுதுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அக்கிலீஸ் பலவீனமான கால் சும்மா இருக்காது. மற்றக் காலுக்குப் பாரம் போகும், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஏறும். கசின்ஸுக்கு அக்கிலீஸுக்குப் பிறகு தொடைத் தசை கிழிந்தது, அப்புறம் ஏசிஎல். அடுத்த காயம் பழைய காயத்தால் வந்ததா என்று மருத்துவர்களே சண்டை போடுவார்கள். நான் நிர்வாகி என்றால் காயத்தின் பெயரை விட்டுவிட்டு ஆடிய நிமிடத்தை வைத்து எழுதுவேன்.

மஞ்சக்குப்பம் கோச்

நிமிடத்தை வைத்து எழுதினால் பயிற்சியாளர் அவரை உட்காரவைத்தே காசை மிச்சம்பிடிக்கலாம். அதை எந்த ஏஜென்ட்டும் ஒப்புக்கொள்ளக்கூடாது. நிமிடத்தை எழுதுங்கள், கூடவே 'காயம் காரணமாகத் தவறிய ஆட்டம்' என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. எம்பீட் ஒப்பந்தமும் அப்படித்தான் என்று அப்போது செய்தி வந்தது.

உப்பளம் கூடை

சரி, கேள்வி கேட்டவன் நான், தொகையும் நானே சொல்கிறேன்.

சொந்த அணி என்றால் 4 ஆண்டு. முதல் ஆண்டு 20 மில்லியன், 8 சதவீத ஏற்றத்தோடு 21.6, 23.2, 24.8. மொத்தம் 89.6. ஆடுகிற மூன்று ஆண்டுக்கு வகுத்தால் ஏறத்தாழ 30. காயம் இல்லாத விலையான 35-லிருந்து வில்லியனூர் அண்ணா கேட்ட காப்பீட்டுக் கழிவும், பிசியோ அண்ணா சொன்ன கெண்டைக்கால் கழிவும் இதற்குள் வந்துவிட்டன. இரண்டாம் ஆண்டு முதல் 65 ஆட்டத்துக்கு 15 சதவீத ஊக்கத்தொகை. நான்காம் ஆண்டில் 10 மில்லியனுக்கு மட்டும் உத்தரவாதம், மீதி மூன்றாம் சீசன் முடிந்தபின் முடிவாகும். பிளேயர் ஆப்ஷன் கிடையாது.

சம்பள வரம்பு 2019-20-ல் 109 மில்லியன், 2025-26-ல் 154.6. நான்காம் ஆண்டில் 24.8 என்பது இன்று தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்காது.

வெளி அணி என்றால் இதே தொகையை நான் கொடுக்கமாட்டேன். மருத்துவ அறிக்கை முழுதாகத் தெரியாது. மிட் லெவலில் 3 ஆண்டு, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டைக்காரன்

ஆடாத முதல் ஆண்டுக்கு 20 மில்லியன் என்பதை இன்னும் ஏற்கமுடியவில்லை. 15-ல் தொடங்குங்கள்.

மஞ்சக்குப்பம் கோச்

15-ல் தொடங்கினால் 8 சதவீத விதிப்படி நான்கு ஆண்டும் தரையில்தான் இருக்கும், மொத்தம் 67-ஐக் கொஞ்சம்தான் தாண்டும். வரம்பில் இடம் உள்ள ஏதாவது ஒரு அணி 3 ஆண்டுக்கு 75 காட்டும், ஆள் போய்விடுவார். மேத்யூஸுக்கு நடந்தது அதுதான். நான் ஏஜென்ட் என்றால் உப்பளம் தம்பியின் 20-ஐ ஏற்பேன், நான்காம் ஆண்டு உத்தரவாதத்தை மட்டும் 10-லிருந்து 18-க்கு ஏற்றச் சொல்வேன். பிளேயர் ஆப்ஷனை விட்டுக்கொடுக்கிறேன், அதற்கு அந்த எட்டு.

உப்பளம் கூடை

உத்தரவாதத்தை 15-க்கு முடித்துக்கொள்ளலாம் சார். 18 என்றால் 65 ஆட்ட ஊக்கத்தொகையை எடுத்துவிடுவேன்.

மஞ்சக்குப்பம் கோச்

ஊக்கத்தொகை இருக்கட்டும். 16.